முட்டைக்கோழியின் தீவனம் தானமா, கடனா?

இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐந்து மகாயக்ஞங்களுள் பூதயக்ஞம் என்பது, சமைத்த அன்னத்தில் ஒரு பங்கைக் காகம் முதலிய ஜீவராசிகளுக்கு எடுத்துவைப்பது; அவற்றிடமிருந்து கைம்மாறு ஒன்றும் கருதாமல் இடுவதாலேயே அது யக்ஞம் என்னும் பெயருக்கு உரியதாகிறது. அப்படியாயின், நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை சேரும் நாமக்கல் வட்டாரத்தில், முட்டையை எண்ணியே தீவனத்தை அளக்கும் பண்ணைக்காரர் செய்வது எந்த வகையில் சேரும்?

அது வெறும் வியாபாரம், நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனத்தைக் கொடுத்து ஒரு முட்டையை வாங்குகிறோம், அவ்வளவே என்று சிலர் சொல்லக்கூடும். நான் அதற்கு உடன்படேன். வியாபாரத்தில் இருவருக்கும் சம்மதம் வேண்டும். விலை கட்டவில்லையென்றால் எழுந்து போகும் சுதந்திரமும் வேண்டும். கூண்டுக்கோழிக்கு அந்த இரண்டுமே இல்லை. அதன் பூர்விகமாகிய காட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குச் சில முட்டைகளே இட்டு அடையில் அமர்ந்துவிடும். நாமோ தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, அடைகாக்கும் இயல்பையே பெரும்பாலும் மறக்கச்செய்து, ஆண்டுக்குச் சுமார் 300 முட்டை இடும் சரீரத்தை அதற்கு அமைத்துவிட்டோம்.

அந்தச் சரீரத்தின் தேவைகள் நம்மால் விளைந்தவை. மக்காச்சோளம் தெம்பைத் தரும். புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத்தூளும் சேர்த்து 16 முதல் 18 சதவீதம் வரை கொண்டுவர வேண்டும். ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தோ தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் இருந்தாக வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவிலே உருவாவதால், பருக்கையான கிளிஞ்சலைப் பிற்பகலில் இடுவது நல்லது. இதைக் குறைத்தால் கோழி உடனே முட்டையை நிறுத்திவிடுவதில்லை என்பதே இவ்விஷயத்தில் என் நெஞ்சை உலுக்குவது. ஓர் ஓட்டுக்கு வேண்டிய ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்து கரைத்தேனும் அது கொடுக்கிறது. தோல்முட்டை இட்டு, கால் துவண்டு, எழ முடியாமற் போகும்வரை கொடுக்கிறது. நாம் இடாததை அது தன்னிலிருந்து இட்டிருக்க, தானம் செய்தவர் யார்?

ஆகவே நாம் இடுவது கடன் என்றே கொள்கிறேன். தானம் செய்பவன் நாளை நிறுத்தினால் அவனுக்குப் புண்ணியம் குறையும், அவ்வளவே. கடன்பட்டவனுக்கு நிறுத்தும் உரிமை இல்லை. ஓய்ந்துவரும் கோழி சிறகுதிர்த்து மறுபடி முட்டைக்கு வரட்டும் என்று நாட்கணக்கில் தீவனத்தை மறிக்கும் முறை, இக்காரணத்தால் அதர்மம். போதிய உணவும் நீரும் தராமை கொடுமையே என்று 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் உடைமையாளருக்குச் சொல்லியிருக்கிறது.

முட்டையின் அடக்கவிலையில் பெரும்பகுதி தீவனமே. சோளவிலை ஏறுகையில் சிறு பண்ணைக்காரர் தாமே கடனில் அமிழ்வதை நான் அறியாதவன் அல்லேன். அப்போது அவர் குறைக்க வேண்டியது கோழிகளின் எண்ணிக்கையையே. ஒவ்வொன்றுக்கும் உரிய அளவை அன்று.

சுமார் 72 முதல் 80 வாரங்களில் கோழி இறைச்சிக்கு விற்கப்படுகிறது. விற்கப்போகும் பறவைக்குக் கிளிஞ்சல் எதற்கு என்று கடைசி வாரங்களில் கையை இழுத்துக்கொள்வோருக்கு ஒரு வார்த்தை: அந்த எலும்பிலிருந்து முன்னமே எடுத்த முட்டைகளின் பாக்கி இன்னும் தீரவில்லை, வண்டியில் ஏற்றும் நாள்வரை அதை இட்டே ஆக வேண்டும்.