சூலை நோயும் வேர்க்கொம்பும்

மெய்யடியார்களே,

திருநாவுக்கரசு நாயனாரை மீண்டும் சைவத்துக்கு அழைத்து வந்தது ஒரு வயிற்று நோய். தருமசேனர் என்ற பெயரோடு சமண மடத்தில் இருந்தவரைச் சூலை பற்றியது. அங்குள்ளோர் செய்த வைத்தியம் பலிக்கவில்லை. இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையார் திலகவதியாரின் காலில் விழுந்தார். அம்மையார் பழையதைச் சொல்லிக் கடிந்துகொள்ளவில்லை. திருநீறு கொடுத்து, வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார்.

இதைக் கேட்டு, திருநீறு இருக்க மருந்து எதற்கு என்று எண்ணிவிடக் கூடாது. மருந்தும் இறைவன் படைப்பே. 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, வழியில் சத்தி எடுத்துச் சோர்ந்த எனக்கு அம்மம்மா வேர்க்கொம்பு இடித்து அவித்துத் தந்தார். இஞ்சியின் காரம் ஜிஞ்சரோல் என்னும் பொருளால் வருவது. காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகாவோலாக மாறுவதால்தான் வேர்க்கொம்பு கூடுதலாக உறைக்கிறது. கர்ப்பிணிகளின் குமட்டலை இஞ்சி தணிப்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. நாம் வாழும் இந்த மண்ணின் மறையாகிய திருக்குர்ஆனும் சுவனத்துப் பானத்தில் இஞ்சி கலந்திருப்பதாகச் சொல்கிறது.

ஆனால் கணக்காளனாகிய நான் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். வெயிலில் வேலை செய்தவர் சத்தி எடுத்து, பேச்சும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அங்கே வேர்க்கொம்பு உதவாது. அமீரகத்தில் 998க்கு அழையுங்கள்; நிழலில் கிடத்தி, உடலைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இஞ்சியை மருந்தாகக் குடிக்க வேண்டாம். வயிற்றோட்டத்துக்குக் கைமருந்தென்று ஊரிலிருந்து கசகசா கொண்டு வரவே வேண்டாம். இங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். பெட்டியில் ஒரு பிடி இருந்தாலும் சிறை வரை கொண்டுபோய்விடும்.

அன்பர்களே, நாயனாருக்கு நோய் வந்தபோது போய்ச் சேர ஒரு வாசல் இருந்தது. எனக்கு அம்மம்மாவின் கை இருந்தது. இங்கே தொழிலாளர் விடுதியில் ஓங்காளித்தபடி தனியே படுத்திருக்கும் பிள்ளைக்குத் தமக்கை யார்? அடுத்த கட்டிலில் இருப்பவர்தான். அவருக்கு ஒரு கோப்பை வேர்க்கொம்புத் தண்ணீர் வைத்துக் கொடுங்கள். அரை மணி கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். தேறவில்லையென்றால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். திலகவதியார் செய்த தொண்டு அதுவே.

திருச்சிற்றம்பலம்.