கருவியைப் பேணுவது பற்றா?

மடிக்கணினியின் பேட்டரியை நெடுநாள் உழைக்கவைக்க மெனக்கெடுவது பொருட்பற்றா, கடமையா? சைவ சித்தாந்தத்தில் இதற்கு விடை உண்டு. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆகிய நான்கையும் இறைவன் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து ஆக்கி, உயிர் பக்குவப்படும்வரை பயன்படக் கொடுக்கிறான். அவை உயிரின் சொந்தச் சொத்தல்ல. 17-ஆம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையின் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த சைவப் புலவர் குமரகுருபரர், ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய்திறந்தார் என்பது மரபு. அங்கே அவர் பாடியதாகச் சொல்லப்படும் கந்தர் கலிவெண்பா சித்தாந்தக் கருத்துகள் செறிந்தது. அந்த நோக்கில் பேச்சுகூடக் கொடுக்கப்பட்ட கருவியே.

மடிக்கணினியும் அத்தகைய கருவியே. அதன் லித்தியம் அயனி பேட்டரியில் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் சிறிதளவு லித்தியம், கிராஃபைட் மின்வாயின் மேல் வளரும் படலத்தில் சிக்கிவிடுகிறது. சிக்கியது மீளாது. சூடும் நூறு சதவீத நிறைவும் சேர்ந்தால் இழப்பு விரைவுபடும். திருச்செந்தூர்போல வெக்கை மிகுந்த ஊரில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துவதும், மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துக் காற்றுத்துளையை அடைக்காதிருப்பதும் நல்ல பலன் தரும். அடிக்கடி முழுதும் காலியாக்கக் கூடாது. பல நாள் மூடிவைப்பதானால் பாதிச் சார்ஜ் போதும்.

பேட்டரிக்கான கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் மண்ணைத் தோண்டுகிறார்கள். அந்த உழைப்பை வீணாக்காதிருப்பது அறம், பற்றன்று. உப்பிப்போன பேட்டரியை விடமனமில்லாமல் வைத்திருப்பதுதான் பற்று. அது தீப்பிடிக்கக்கூடியது; குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் சேர்க்க வேண்டும்.