ஆயத்தப் பருவமும் ஆன்மாவும்

வருங்காலத்துக்காகக் குழந்தையை ஆயத்தம் செய்வதே பள்ளியின் தொழில் என்று எல்லாரும் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள். ஆனால் அந்த ஆயத்தம் நடந்துகொண்டிருக்கும் ஆண்டுகளில் குழந்தையின் ஆன்மா எதைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்ற வினாவை, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவருள் மிகச் சிலரே நிதானமாக எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். குருகுலத்தில் பயின்ற மாணாக்கன் ஆசிரியர் வீட்டிலேயே உண்டு உறங்கியமையால், அவனுடைய பாடமும் வழிபாடும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. நம் பகற்பள்ளிப் பிள்ளையோ காலையில் ஓர் உலகத்துக்குப் போய், மாலையில் வீடு என்னும் இன்னோர் உலகத்துக்குத் திரும்பி, இரண்டுக்கும் நடுவே பிரத்தியேக வகுப்பு என்னும் மூன்றாவது உலகத்திலும் இரண்டு மணி நேரத்தைக் கழிக்கிறது. இம்மூன்றினுள் சமயத்துக்கு உரிய இடம் எது?

சட்டம் நமக்குத் தடையாக நிற்கவில்லை. தன் சமயம் அல்லாத வேறொரு சமயத்தின் போதனையையோ சடங்கையோ ஏற்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்றும், ஒவ்வொரு சமயத்தாரும் தம் குழந்தைகளின் சமயக் கல்விக்குரிய நிலையங்களை அமைத்துக்கொள்ளலாம் என்றும் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு உரைக்கிறது. 1970-இல் பிரகடனமான தேசியக் கோட்பாடாகிய ருக்குன் நெகாராவின் முதற் கோட்பாடே இறைநம்பிக்கை. சபைகூடலில் நம் பிள்ளைகள் அதை வாய்விட்டு ஓதுகிறார்கள். ஆயினும் வகுப்பறைக்குள் நுழைந்தபின், முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாமியக் கல்வி, ஏனையோருக்கு நன்னெறிக் கல்வி என்று பாதை பிரிந்துவிடுகிறது. 1983-இல் ஆரம்பப்பள்ளிகளின் புதிய கலைத்திட்டத்தோடு வந்த இந்த நன்னெறிக் கல்வி, பின்னர் எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வுக்குரிய பாடமாகவும் ஆயிற்று. கிள்ளானில் ஒரு வீட்டின் முன்கூடத்தில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, புத்தகத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நன்றியுணர்வுக்குப் பாடநூல் தரும் வரைவிலக்கணத்தை மலாய் மொழியில் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்ததையும், அதே நேரத்தில் அவளுடைய பாட்டி கொண்டுவந்து வைத்த தேநீர் அவள் அருகிலேயே ஆறிக் கிடந்ததையும் நான் கண்டேன். அந்தப் பெண்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொல் விட்டுப்போனால் மதிப்பெண் போய்விடும் என்ற அச்சம் அவளைப் பிடித்திருந்தது.

இந்நிலையை நம் முன்னோர் ஒருவாறு முன்னரே உணர்ந்திருந்தனர். பீற்றர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, விவிலியத் தமிழாக்கத்துக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848-இல் அப்பணியைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, சைவத்தைக் கோயிலில் மட்டும் வைத்துக் காப்பாற்ற இயலாது, கணக்கும் இலக்கணமும் கற்பிக்கும் பலகையருகிலும் அது இருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அந்த யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணியாற்றக் கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் குடியேறியவர்களே 1904-இல் விவேகானந்தர் ஆசிரமத்தைத் தோற்றுவித்தார்கள். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளும் அங்கே வளர்ந்தன. வீட்டில் திருநீறணிந்து திருமுறை ஓதிய சைவர்கள், தங்கள் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கென எழுப்பிய நிலையத்துக்கு, 1897-இல் யாழ்ப்பாணம் வந்து வேதாந்தம் பேசிச் சென்ற ஒரு சந்நியாசியின் திருப்பெயரைச் சூட்டினார்கள் என்பது என் சிந்தனையை நெடுங்காலமாக ஈர்த்துவரும் செய்தியாகும்.

ஏனெனில் கல்வியைப் பற்றி இவ்விரு மரபுகளும் ஒன்றையே சொல்லவில்லை. பூரணத்துவம் மனிதனுக்குள் முன்னரே உறைகிறது, கல்வி அதை வெளிப்படச் செய்யும் கருவி என்பது விவேகானந்தரின் கருத்து. அதன்படி ஆசிரியன் தடைகளை நீக்கினால் போதும், உள்ளிருப்பது தானே சுடரும். மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் நிறுவிய சைவ சித்தாந்தமோ, ஆன்மா அநாதியானதே எனினும் அறிவித்தாலன்றி அறியாது என்றும், ஆணவ மலத்தால் மறைப்புண்டிருக்கும் அது, பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைப் படிகம் ஏற்பது போல, எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே ஆகிவிடும் என்றும் கூறுகிறது. முதற் கொள்கை மாணவனுக்குத் தன்னம்பிக்கையைத் தருகிறது, அதன் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளி நடத்துபவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இரண்டாவதே பொருத்தமானது என்பது என் துணிபு. அது அவர்கள்மேல் கடுமையான பொறுப்பைச் சுமத்துகிறது. சார்ந்ததன் வண்ணமாதல் உண்மையாயின், ஆயத்தம் என்று நாம் ஒதுக்கிவைக்கும் காலம் வாழ்க்கைக்குப் புறம்பான காலம் ஆகாது. நான்காம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலும் விழித்திருக்கும் நேரமெல்லாம் மதிப்பெண்ணையே சார்ந்திருந்த ஓர் இளம் உயிர், தேர்வு முடிந்த மறுநாள் வேறொன்றாக மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில்தான் ஸ்ரீ முருகன் நிலையத்தின் முயற்சி எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய அந்நிலையம், அரசாங்கத் தேர்வுகளுக்கு இந்திய மாணவரை ஆயத்தம் செய்வதையே தன் தொழிலாகக் கொண்டது. எனினும் பிரார்த்தனையை வகுப்புக்கு வெளியே நிறுத்தவில்லை. பத்துமலையில் அது நடத்தும் கல்வி யாத்திரையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெற்றோருடன் முருகன் சந்நிதியை நாடி வந்து, படிப்பையே ஒரு விரதமாக ஏற்கிறார்கள். காவடி சுமந்து ஏறும் அதே 272 படிகளைப் புத்தகச் சுமையோடும் தொடர்புபடுத்தியது, புலம்பெயர்ந்த தமிழ்ச் சைவம் தானாகக் கண்ட ஒரு புதிய உபாசனை என்றே கருதுகிறேன்.

இதற்கு ஆட்சேபம் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. 1929-இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்ற நாள்முதல் இங்கே வேரூன்றிய சுயமரியாதைச் சிந்தனையாளர், மதிப்பெண்ணுக்காகத் தேங்காய் உடைப்பது கடவுளுக்குக் கைக்கூலி கொடுப்பதே என்கின்றனர். வேதாந்தப் பயிற்சி உடையவர்களோ, பலனை வேண்டும் காமிய வழிபாடு தாழ்ந்தது என்கின்றனர். கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலில் தேர்வுக் காலத்தில் அர்ச்சனைத் தட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்சேபத்தின் வலிமை புரியும்: வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் இடையே, கண்ணாடி போன்ற நெகிழிப் பையில் நான்கு பேனாக்கள், அடியில் மடித்த தேர்வு நுழைவுச் சீட்டு; குருக்கள் அதன்மேல் இட்ட குங்குமம் அடையாள எண்ணின்மீது சிந்தி, தாய் அதை முந்தானையால் பதறித் துடைக்கிறாள்.

அந்தத் தாயை நான் தாழ்ந்தவளாக எண்ண மாட்டேன். துன்புற்று வருபவனையும், பொருள் வேண்டி வருபவனையும், அறிய விரும்பி வருபவனையும், ஞானியையும் ஒருசேரத் தன் பக்தர் வரிசையில் வைத்து, நால்வரையும் உயர்ந்தோர் என்றே கீதை ஏற்கிறது. நம் அப்பரடிகளைத் திருவதிகைக்கு இழுத்து வந்ததும் சூலைநோயே, தத்துவ விசாரணை அன்று. வயிற்று வலி தீர வேண்டும் என்ற விருப்பம் அவரைத் தமக்கை திலகவதியாரின் கையால் திருநீறு பெற வைத்தது. ஆனால் நோய் தீர்ந்தபின் அவர் வீடு திரும்பிவிடவில்லை. எஞ்சிய ஆயுள் முழுவதும் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களைச் செப்பனிட்டார். நம் குறை இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. வேண்டுதலோடு வந்த பிள்ளையை அங்கிருந்து தொண்டுக்கு அழைத்துச் செல்ல நாம் வழி செய்துவைக்கவில்லை. ஸ்ரீ முருகன் நிலையத்தில் பயின்று தேறிய மாணவர் பலர் தொண்டர்களாகத் திரும்பி வந்து இளையோருக்குக் கற்பித்தது, அவ்வழிக்கு நல்லதொரு தொடக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்வுக்கு முன் பூசை செய்யாத தமிழ் நிலையம் இப்பள்ளத்தாக்கில் அரிது. முடிவு வெளியான மறுநாள் பூசை செய்யும் நிலையத்தை நான் பார்த்ததில்லை. அன்று ஏழு ‘ஏ’ பெற்றவன் மாலையோடு நாளிதழில் நிற்கிறான். கணிதத்தில் தவறியவளோ தொலைபேசியை அணைத்துவிட்டு அறைக்குள் இருக்கிறாள், அவளை அந்த அறையிலிருந்து சந்நிதிக்கு அழைத்துச் செல்ல ஒருவரும் வருவதில்லை. தேர்வுக்கு முன் அவளுடைய பேனாவை ஏற்றுக்கொண்ட அதே தெய்வத்தின் முன், தேறியவனையும் தேறாதவளையும் ஒரே பாயில் அமர்த்தி, ஒரு பதிகம் பாடச் செய்து, இருவருக்கும் ஒரே பிரசாதத்தை வழங்கும் பொறுப்பைப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம் கல்வி நிலையங்கள் தங்கள் ஆண்டு அட்டவணையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. முடிவு வெளியாகும் தேதியை அடுத்த நாளைக் குறித்துவைத்து, பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால் போதும்.