கையொப்பமும் மனச்சான்றும்

ஒரு ஞாயிறு காலை. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னும் ஒருவர் மட்டும் கோவில் தூணருகே நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தேழு வயது, மனைவி, படிக்கும் பிள்ளைகள் இருவர், ஒரு தொழிற்சாலையில் பதினோர் ஆண்டுப் பணி. நாம் அருகில் சென்று நலம் விசாரித்தபோது சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று, அவர் கையொப்பமிட்டுக் கொடுத்த பணிவிலகல் கடிதத்தின் நகல். மற்றொன்று, வேலை இழந்தோர்க்கான உதவித்தொகையைக் கோரும் படிவம்.

"சாமி, இந்தக் கடிதத்தை நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் நானாக எழுதவில்லை. இப்போது இந்தப் படிவத்தில் என்ன எழுதினால் அது பொய் ஆகாது?" என்று கேட்டார்.

இது 2024-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஒப்புரவு அருள்சாதனத்திற்கு வெளியே, கோவில் முற்றத்தில் நடந்த உரையாடல் இது. அவருடைய இசைவோடும், அவரை அடையாளம் காட்டாமலும் இங்கே எழுதுகிறோம். அன்று நாம் அவருக்கு அளித்த மறுமொழி நமக்குப் பெருமை தருவதன்று. "சிறிய தொகைதானே தம்பி, இதற்காக மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். ஆண்டவர் வழிகாட்டுவார்" என்று சொல்லி, பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் கூறி ஒரு மாதத்திற்கு வேண்டிய அரிசி பருப்புக்கு ஏற்பாடு செய்தோம். அவர் நன்றி கூறினார். ஆனால் தலை நிமிரவில்லை. உண்மை எது என்று கேட்டு வந்தவருக்கு அரிசி கொடுத்து அனுப்பினோம் என்பது அன்றிரவுதான் நமக்கு உறைத்தது. மறுநாள் அவருடைய இல்லம் தேடிச் சென்று முழுவதையும் கேட்டோம்.

அவர் சொன்னது இது. வேலை குறைந்துவிட்டது என்று கூறி, ஒரு மாலை, பன்னிருவரை ஒருவர் பின் ஒருவராக அறைக்குள் அழைத்திருக்கிறார்கள். மேசைமேல் ஏற்கெனவே தட்டச்சு செய்த கடிதம். 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு, என் விருப்பத்தின்படி' பணியிலிருந்து விலகுவதாக அதில் இருந்தது. கையொப்பமிட்டால் கணக்கு உடனே தீர்க்கப்படும், அனுபவச் சான்றிதழும் கிடைக்கும்; மறுத்தால் வேறு எங்கும் வேலை கிடைப்பது அரிது என்று சொல்லப்பட்டது. மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய வாரம் அது. அவர் கையொப்பமிட்டார்.

அந்த ஒரு சொல், 'விருப்பம்' என்னும் சொல், அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி, ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்த தொழிலாளரை ஆள்குறைப்புச் செய்யும் நிறுவனம் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும். மேலும், நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்த 15 நாள் அளவை வைத்துள்ளது. அதோடு, ஆள்குறைப்புக்கு உள்ளானவர் புதிய திறன் பெறுவதற்கென மேலும் 15 நாள் ஊதியம் அவர் கணக்கில் சேர வேண்டும் என்கிறது. ஆனால் தாமே விரும்பி விலகியவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

உதவித்தொகையின் நிலையும் இதுவே. ஈ.எஸ்.ஐ. கழகம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம், வேலை இழந்த காப்பீட்டாளருக்கு வாழ்நாளில் ஒரு முறை, 90 நாட்கள் வரை, சராசரி ஊதியத்தின் நான்கில் ஒரு பங்கை வழங்கத் தொடங்கியது. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் அது பாதியாக உயர்த்தப்பட்டது. அதுவரை விண்ணப்பம் பழைய முதலாளியின் வழியாகவே வர வேண்டியிருந்தது. வெளியே அனுப்பப்பட்டவர் அதே வாசலில் மீண்டும் போய் நிற்க வேண்டும்! 2020-இல் அந்த நிபந்தனை நீங்கி, தொழிலாளரே நேரடியாக விண்ணப்பிக்க வழி ஏற்பட்டது. எனினும் ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவருக்கும், விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் அதில் இடமில்லை.

ஆகவே நம் நண்பரின் முன் இரு வழிகளே தென்பட்டன. 'விலகினேன்' என்று எழுதினால் கடிதத்தோடு ஒத்துப்போகும். ஆனால் நடந்ததோடு ஒத்துப்போகாது. 'நீக்கப்பட்டேன்' என்று எழுதினால் நடந்ததோடு ஒத்துப்போகும். ஆனால் அவருடைய கையொப்பமே அவருக்கு எதிர்ச் சாட்சியாக நிற்கும். பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளைக்கு அஞ்சிய ஒருவர் எப்பக்கம் திரும்புவார்?

குருமடத்தில் நாம் கற்ற பழைய பாடம் ஒன்று இங்கு உதவிக்கு வந்தது. அச்சத்தால் செய்யும் செயல் விருப்பச் செயலா என்று புனித தோமா அக்குவினா வினவுகிறார். அரிஸ்டாட்டில் காட்டிய எடுத்துக்காட்டையே அவரும் எடுத்துக்கொள்கிறார். புயலில் சிக்கிய கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிகிறவன், அந்த நேரத்தில் எறியவே விரும்புகிறான். ஆனால் புயல் இல்லையேல் அவன் ஒருபோதும் எறிய மாட்டான். ஆகவே அச்செயலில் விருப்பமும் விருப்பமின்மையும் கலந்திருக்கின்றன என்பது அவருடைய முடிவு. திருச்சபைச் சட்டமும் இதை அறியும். அநீதியாக விளைவிக்கப்பட்ட பேரச்சத்தால் செய்த செயல் பொதுவாகச் செல்லும். ஆயினும் நீதிபதி அதை நீக்கக் கூடும் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 125-ஆம் எண் வகுத்துள்ளது. கையொப்பம் இட்டது உண்மை, அதை மறைக்கலாகாது. அதன்பின் நின்ற அச்சமும் உண்மை, அதையும் மறைக்கலாகாது.

எனவே மூன்றாம் வழி ஒன்று உண்டு என்று அவரிடம் கூறினோம். நடந்ததை நடந்தபடியே எழுதுவது. 'இன்ன நாளில், இன்ன சூழ்நிலையில், வேலை இல்லை என்று கூறப்பட்டு, வற்புறுத்தலின்பேரில் பணிவிலகல் கடிதத்தில் கையொப்பமிட்டேன்.' இதைப் படிவத்தோடு தனித்தாளில் இணைக்க வேண்டும். இதையே தொழிலாளர் அலுவலரிடமும் முறையிட வேண்டும். உண்மையைச் சொல்வது நம் கடமை; அதற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று தீர்ப்பது அலுவலர் கடமை. கிடைக்காமற் போகலாம் என்பதையும் அவரிடம் ஒளிக்கவில்லை.

அவருக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. "உழைக்காமல் வாங்கும் பணம் அல்லவா, சாமி?" என்றார். உழைக்க மனமில்லாதவன் உண்ணலாகாது என்று புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதை நாமே மறையுரைகளில் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். ஆனால் பவுல் அடிகள் கண்டித்தது உழைக்க மனமில்லாதவரை. உழைக்க இடமில்லாதவரை அன்று. கூடாரம் செய்து தம் கையுழைப்பால் உண்ட அவர் இந்த வேறுபாட்டை அறியாதவர் அல்லர். மேலும் இப்பணம் எங்கிருந்து வருகிறது? 2019 ஜூலை முதல் ஈ.எஸ்.ஐ. நிதிக்குத் தொழிலாளரின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. பதினையாயிரம் ரூபாய் பெறுகிறவர் மாதந்தோறும் ஏறத்தாழ 113 ரூபாய் செலுத்துகிறார். தாம் சேர்ந்து நிரப்பிய குதிரிலிருந்து பஞ்ச காலத்தில் ஒரு படி நெல் அளந்துகொள்வது இரத்தல் ஆகுமா?

நம் மொழி வழக்கிலும் சிறு பிழை இருக்கிறது. பணி முடிவில் தருவதைப் 'பணிக்கொடை' என்கிறோம்; வேலை இழந்தவருக்குத் தருவதை 'உதவி' என்கிறோம். கொடை என்றால் கொடுப்பவன் வள்ளல். உதவி என்றால் பெறுகிறவன் கடன்பட்டவன். ஆனால் ஐந்தாண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடையை 1972-ஆம் ஆண்டிலேயே சட்டம் உரிமையாக்கிவிட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் வரைந்த சுற்றுமடலின் 18-ஆம் எண்ணில், வேலை இழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் கடமை எங்கிருந்து பிறக்கிறது என்று விளக்குகிறார். படைப்பின் பொருட்கள் எல்லாருக்கும் பொதுவானவை என்னும் கோட்பாட்டிலிருந்தும், வாழ்வதற்கும் பிழைப்பதற்கும் மனிதனுக்குள்ள உரிமையிலிருந்தும் அது பிறக்கிறது என்பது அவர் போதனை. இரக்கத்திலிருந்து பிறக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

உரிமை இருந்தால் மட்டும் போதுமா? ரூத்தின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூலின் சட்டம். மோவாபியப் பெண்ணும் கைம்பெண்ணுமாகிய ரூத்து கதிர் பொறுக்க வந்தது அச்சட்டம் தந்த உரிமையால்தான். ஆயினும் போவாசு தம் வேலையாட்களிடம் தனியே ஒரு கட்டளை இடுகிறார்: அவளை இழிவுபடுத்த வேண்டாம், அரிக்கட்டுகளுக்கிடையே அவள் பொறுக்கட்டும், வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடுங்கள். சட்டம் அவளை வயலுக்குள் விட்டது. குனிந்து பொறுக்குகிறவளின் முகம் வாடாமல் காக்க ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

நம் பங்குகளில் அந்த மனிதர் யார்? வேலை இழந்தவர் ஆதார் அட்டையையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டு கிளை அலுவலக வரிசையில் தனியாக நிற்கிறார். அக்கம்பக்கத்தார் கேட்டால் 'விடுப்பில் இருக்கிறேன்' என்கிறார். சிலர் பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை. வழக்கம்போல் காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு புறப்பட்டுவிடுகிறார்கள். நம்மிடையே ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள், கணினி அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டத்தில் நோயாளியைச் சந்திக்க முறை வகுக்கும் நாம், வேலை இழந்தவரோடு அலுவலகம் செல்லவும் ஒருவரை அனுப்பலாமே! மேசைக்கு அந்தப்புறம் அமர்ந்து கடிதங்களை நீட்டுகிறவர்களும் நம் இறைமக்களுள் இருக்கக் கூடும். ஒருவரை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் 'அனுப்புகிறோம்' என்றே எழுதுங்கள். உங்கள் முடிவை அவருடைய விருப்பமாக எழுதி வாங்காதீர்கள்.

நம் நண்பருக்கு என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அவரோடு ஐந்து முறை சென்று வந்தார். தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் பேச்சு நடந்து, சேர வேண்டிய இழப்பீட்டில் ஒரு பகுதி கிடைத்தது. உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பதிவேட்டில் விலகல் என்றே இருந்ததாம். இன்று அவர் வேறோர் இடத்தில் முன்னைவிடக் குறைந்த ஊதியத்திற்கு உழைக்கிறார்.

செய்தியை நம்மிடம் சொல்ல வந்தபோது, பழைய இரண்டு தாள்களோடு அந்தத் தனித்தாளின் நகலையும் மடித்து வைத்திருந்தார். "பணம் பாதிதான் வந்தது, சாமி. ஆனால் இரண்டு அலுவலகத்திலும் ஒன்றையேதான் சொன்னேன்" என்றார். இம்முறை அவர் நம் முகத்தைப் பார்த்தே பேசினார்.