உடல் நடுங்கிய இரவு



குருத்தோலையைக் கையில் பிடித்தபடி இன்று ஆண்டவருடைய பாடுகளைக் கேட்டோம். அதில் கெத்சமனியை மட்டும் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அவரைத் திகில் பிடித்தது என்கிறார் மாற்கு. வியர்வை இரத்தத்துளிபோல் தரையில் விழுந்தது என்கிறார் லூக்கா. நடுங்கியது இறைமகனின் உடல்.

சில ஆண்டுகளுக்கு முன், பூசை முடிந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். கணவர் சிங்கப்பூரில். மதுரைக்குப் பஸ்ஸில் போனால் திருப்பத்தூர் தாண்டும் முன்பே தொடங்கிவிடுமாம். "நெஞ்ச யாரோ அமுக்குற மாதிரி இருக்கு சாமி. விரலெல்லாம் மரத்துப்போகுது. மூச்சு உள்ள போக மாட்டேங்குது. செத்துருவேன்னு தோணுது." மூன்று முறை இ.சி.ஜி. எடுத்தும் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் வாயு என்றார்கள், பிறகு காத்துக்கருப்பு என்றார்கள். நான் சொன்னது அதைவிடக் கொடுமை: "விசுவாசம் பத்தலம்மா, ஜெபமாலையக் கூட்டிச் சொல்லுங்க." தலைகுனிந்து போய்விட்டார். இன்று அவருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

அது பீதித் தாக்குதல் என்பதை ஒரு மருத்துவர் பின்னால் எனக்கு விளக்கினார். ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்க உடலுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடவென அடிக்கும், வியர்க்கும், கைகால் உதறும். ஆபத்தே இல்லாத நேரத்திலும் சிலருக்கு அது கிளம்பிவிடுகிறது. பயத்தில் மூச்சு வேகமாக வாங்க, இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும். நடிப்பு இல்லை, பாவம் இல்லை, பேயும் இல்லை.

ஒன்றை மட்டும் கேளுங்கள். நெஞ்சுவலி வந்தால் பயம்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இதயத்தில் குறையில்லை என்று தெரிந்த பிறகும் இது திரும்பத் திரும்ப வந்தால், மனநல மருத்துவரிடம் போங்கள். பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் பலன் தருகின்றன. மனநல உதவிக்கு எந்த நேரமும் 14416க்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

நம் மறைமாவட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை கொடுத்த அருளானந்தரின் துணிவைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கலங்காதவர்களையே கொண்டாடிப் பழகிவிட்டோம். கலங்குகிறவர்கள் நம் நடுவே கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். எலியாவை நினையுங்கள். உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியடியில் படுத்து, சாவு வரட்டும் என்று கேட்டவர் அந்த இறைவாக்கினர். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தொட்டெழுப்பி, அப்பமும் தண்ணீரும் தந்தார். மறுபடி தூங்கவிட்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்.

எனவே, பூசை நடுவே உங்களுக்கு மூச்சு முட்டினால் யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போங்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூச்சை மெல்ல, நீளமாக விடுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் தண்ணீரோடு கூடப் போகட்டும். நற்கருணையை நான் அங்கேயே கொண்டுவருகிறேன்.