கிடைத்ததும் தந்ததும்

எனக்கு வயது 63. பனியைக் கண்ணால் கண்டதில்லை. திருகோணமலையில் பிறந்து, உப்புவெளியில் வாழ்க்கைப்பட்டு, கொட்டியாரக்குடாவை லாஞ்சில் கடந்து மூதூரில் படிப்பித்து, ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்த குளிர், மார்கழி விடியலில் கோணேசர் மலை உச்சியில் அடிக்கும் வாடைக்காற்று ஒன்றுதான். இரண்டு வருடமாக இரவுச் சாப்பாடு முடிந்தபின், கனடாவின் வடக்கே உறைந்து கிடக்கும் ஒரு தீவில் உயிரோடிருக்கப் பாடுபடுகிறேன்.

அண்ணரின் மகன் ஸ்காபரோவிலிருந்து வந்தபோது விட்டுப்போன பழைய லாப்டொப்பில் அந்த விளையாட்டு இருந்தது. ‘த லாங் டார்க்’, அதாவது நீண்ட இருள். ஹின்டர்லாண்ட் என்ற கனடிய நிறுவனம் 2014இல் அதன் முதல் வடிவத்தையும் 2017இல் முழு வடிவத்தையும் வெளியிட்டது. சுட்டுத் தள்ள எதிரிப்படை இல்லை, பேய்பிசாசு இல்லை. காந்தப் புயல் ஒன்று மின்சாரத்தை அணைத்துவிட்டது, மனிதர் போய்விட்டார்கள். மிஞ்சியது குளிரும் ஓநாயும் கரடியும் நானும். குளிர், களைப்பு, தாகம், பசி என்று நான்கு கணக்குகள் குறைந்துகொண்டே இருக்கும். விறகு பொறுக்க வேண்டும். பனியை உருக்கிக் கொதிக்க வைத்தால்தான் தண்ணீர். நெருப்புக்குச்சி எண்ணித்தான் இருக்கும். நான் ஆடும் முறையில் செத்தால் செத்ததுதான், சேமித்து வைத்த ஆட்டம் முழுவதும் அழிந்துபோகும்.

“மாமி, இது உங்களுக்குச் சரிவராது. மனம் நொந்துபோவீங்கள்” என்றான் மருமகன். நொந்துதான் போனேன். முதல் மாதத்தில் பதினொரு தடவை செத்தேன். நம் சமயம் சொல்லும் மறுபிறவியில் உயிருக்கு நினைவு போய்விடும், வினை தொடரும். இங்கே நேர்மாறு. தேடியதெல்லாம் போய்விடும், நினைவு மட்டும் மிஞ்சும். போன பிறவியில் எந்தச் சரிவில் கால் தவறினேன் என்று தெரிந்தபடியே மறுபடி பிறந்து வருவது பெரிய பாரம். மறதியை இறைவன் ஏன் வைத்தான் என்பது அந்த மாதத்தில்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

சென்ற வருடம் ஐப்பசியில் ஒரு இரவு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. திரைக்குள் பனிப்புயல். உறைந்த ஏரியின் நடுவில் வழி தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். என்னிடம் ஒரு நெருப்புக்குச்சியும் இல்லை. உடல்நிலை நூற்றுக்குப் பதினாலுக்கு வந்துவிட்டது. மீன்பிடிக்கிறவர்கள் ஏரியின்மேல் போட்டுவைத்த பலகைக் குடில் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில்தான் கண்ணில் பட்டது. உள்ளே சின்ன இரும்பு அடுப்பு. மூலைப் பெட்டியைத் திறந்தேன். ஒரு நெருப்புப்பெட்டி.

“கோணேசா, நீ தந்தாயப்பா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தனி வீட்டில், இரவு பத்தரை மணிக்கு, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு.

பொழுது விடிந்து புயல் தணிந்ததும் குடிலை விட்டு வெளியே வந்தேன். கதவிலிருந்து பத்து எட்டு இருக்காது, பனியில் குப்புற ஒருவர் கிடந்தார். இந்த விளையாட்டில் அப்படி உறைந்தவர்கள் ஆங்காங்கே கிடப்பார்கள். அவர்களிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நான் அவருடைய கையுறையை எடுத்துக்கொண்டேன். எடுத்தபிறகுதான், நேற்றிரவு நான் சொன்ன சொல் என் காதில் திரும்ப விழுந்தது. இந்த மனிதனும் இதே குடிலுக்குத்தானே வந்துகொண்டிருந்தான்? எனக்கு “தந்தவர்” இவனுக்கு ஏன் தரவில்லை?

அது நிரலில் எழுதிய பொம்மை, எனக்குத் தெரியும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது அந்தப் பொம்மை அல்ல.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. திருவெம்பாவைக் காலம். அந்த நாட்களில் விடியமுன் ஓட்டோ பிடித்து மலைக்குப் போவேன். அடுத்த வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயது, என்னோடு வருவான். பாட்டெல்லாம் பாடம். முந்திய நாள் இரவு அவனுக்கு மேல் காய்ந்தது. “இண்டைக்குப் படுக்கட்டும் ரீச்சர்” என்று தாய் கதவைப் பாதி திறந்து சொன்னாள். நான் தனியாகப் போனேன். பூசை முடிந்தும் இறங்கவில்லை. பூக்கட்டுகிறவர்களோடு இருந்துவிட்டேன். மேலே இருந்த எங்களுக்கு முதலில் கேட்டது ஒரு இரைச்சல். உப்புவெளிக் கரை என்ன ஆனது என்பதைப் பின்னேரம்தான் பார்த்தேன். இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டவர்களை அந்தக் காலை கொண்டுபோனது. அவனும் அதில் ஒருவன்.

நாலாம் நாள், பள்ளிக்கூட மண்டபத்தில் பாய்களுக்கிடையில் யாரோ என்னிடம், “ரீச்சர், நீங்கள் எப்படித் தப்பினீங்கள்?” என்று கேட்டார்கள். “கோணேசர்தான் காப்பாற்றினார்” என்றேன். நம்பித்தான் சொன்னேன். பின்னால் அவனுடைய தாய் இருந்ததை நான் காணவில்லை.

“அப்ப, என்ர பிள்ளையைக் கோணேசருக்குத் தெரியாதோ, ரீச்சர்?”

சத்தமாகக் கேட்கவில்லை. சண்டைக்கும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இருபது வருடம் என்னிடம் பதில் இருக்கவில்லை.

வினை என்று சொன்னவர்கள் இருந்தார்கள், செத்தவீட்டிலேயே சொன்னார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் முற்பிறவிக் கணக்கை யார் திறந்து பார்த்தார்கள்? நான் சைவசித்தாந்தம் முறையாகப் படித்தவள். இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாக ஏற்கும் பக்குவத்தை அது இருவினையொப்பு என்கிறது. எனக்கு வந்ததை நான் ஏற்பதற்காகச் சொன்ன பாடம் அது. அதை அடுத்த வீட்டுச் சாவுக்கு விளக்கமாகக் கொண்டுபோவது சமயத்துக்கே செய்யும் துரோகம் என்பது என் துணிபு. மூதூரில் என்னோடு படிப்பித்த இஸ்லாம் பாட ஆசிரியர் ஒருவர் மத்தியானச் சோற்றைப் பிரிக்கும்போது, “ஒவ்வொரு மணியிலயும் தின்னுறவன்ட பேர் எழுதிக் கிடக்கு டீச்சர், அதுதான் றிஸ்கு” என்பார். எப்போதும் தன் சோற்றுப் பார்சலைப் பார்த்துத்தான் சொல்வார். பசித்திருப்பவனைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூதூரில் இருந்தபோதுதான் ரொபர்ட் நொக்ஸின் கதையையும் படித்தேன். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், மரம் வெட்டித் திருத்துவதற்காகக் கொட்டியாரக்குடாவுக்குள் வந்தது. 1660இல் கண்டியரசனின் ஆட்கள் கப்பல் தலைவனையும், பத்தொன்பது வயது மகனையும், இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன், மகன் இருவருக்கும் ஒரே பெயர். மறு வருடமே தகப்பன் காய்ச்சலில் செத்தார். தானே காய்ச்சலில் கிடந்த மகன் அடக்கம் செய்தான். பிறகு தொப்பி பின்னி விற்றான், நெல்லைக் கடனுக்குக் கொடுத்தான், வீடு கட்டினான். ஒருநாள் ஒரு கிழவர், போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது தன் கைக்கு வந்த ஒரு புத்தகத்தைக் காட்டினார். ஆங்கில வேதாகமம்! பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கினார். காட்டுக்குள் தனக்குக் கடவுள் நேராகக் கொடுத்தது என்றே கடைசிவரை நம்பினார். 1679இல், ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு சில்லறை வியாபாரி வேடத்தில் வடக்கே இறங்கி, அனுராதபுரம் தாண்டி, அருவியாற்றின் கரையோடு யானைக் காட்டுக்குள் நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூல் 1681இல் வந்தது. 1719இல் டானியல் டீபோ எழுதிய ரொபின்சன் குரூசோவுக்கு அதுவும் ஒரு ஊற்று என்று அறிஞர் சொல்வர். தனித்தீவில் ஒருவன் பொருள் தேடிப் பிழைக்கும் கதைகளெல்லாம், என் லாப்டொப்பில் உள்ளது உட்பட, குரூசோவின் பிள்ளைகள்தான்.

நொக்ஸின் நன்றியை நான் குறைசொல்லமாட்டேன். அந்தப் புத்தகத்தைத் தொட்ட கையின் நடுக்கம் எனக்கு விளங்கும். ஆனால் புத்தகத்தை மகனுக்குத் தேடி அனுப்பியவர் தகப்பனின் காய்ச்சலின்போது எங்கே இருந்தார் என்று அந்தத் தாய் கேட்டால் நொக்ஸும் என்னைப் போலத்தான் நின்றிருப்பார்.

விளையாட்டின் ஆக எளிய படிக்கு ‘யாத்திரிகர்’ என்று பெயர். அந்தப் படியில் ஓநாய்கள் நம்மைக் கண்டால் ஓடிவிடும். நிஜ யாத்திரை அப்படியல்ல. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து எங்கள் ஊர் வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரையில், 2012இல் வெருகலில் சேர்ந்து நானும் நடந்தேன். உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் குமுக்கன் ஆறு, அதன்பின் மாணிக்க கங்கை வரை யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் காடு. வெயில் மண்ணிலிருந்து மேலே அடிக்கும். இரண்டாம் நாள் மத்தியானம் என் போத்தல் முடிந்துவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. முன்னே நடந்த மட்டக்களப்புப் பக்கத்து ஆச்சி ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் போத்தலை நீட்டினார். அதில் கால்வாசிதான் இருந்தது. வேண்டாம் என்றேன்.

“முருகன் தந்தது. குடி சாமி” என்றார்.

குடித்தேன். அன்றைக்குத் தாகத்தின் சுகம்தான் தெரிந்தது. உறைந்த ஏரியில், அந்தப் பிணத்தின் பக்கத்தில் கையுறையோடு நின்றபோதுதான் ஆச்சியின் சொல் திரும்பி வந்தது. நான் சொன்ன அதே சொல், “கடவுள் தந்தது”. ஆனால் அதைச் சொன்னவர் தண்ணீரைப் பெற்றவர் அல்ல, இழந்தவர். தன் தாகத்தை மறைத்து, தன் கொடையை மறைத்து, முருகனை முன்னுக்கு நிறுத்தினார். சைவம் இறைவனுக்குச் சொல்லும் ஐந்தொழிலில் படைத்தல், காத்தல், அழித்தலுக்கு அடுத்ததாக மறைத்தல் வரும், பிறகுதான் அருளல். மறைத்தலும் அருளே என்று ஆசிரியையாக எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! உயிருக்கு உலகை முன்காட்டித் தான் பின்னிற்பது அது என்று நூல் சொல்லும். ஆச்சி கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றதில்தான் அந்தச் சொல் எனக்குப் பொருளானது.

கொடுக்கிறவர் “கடவுள் தந்தது” என்றால் வாங்குகிறவனின் கூச்சம் போகிறது. பெற்றுக்கொண்டவள், கையில் ஒன்றும் கிடைக்காதவளுக்கு முன்னால் அதையே சொன்னால், “உனக்குத் தரவில்லை” என்றுதான் அவள் காதில் விழும். நான் 2004இல் செய்தது அதுதான்.

அந்த விளையாட்டில் என்னை ஆக வதைப்பது குளிர் அல்ல. கிடைத்த நெருப்புப்பெட்டியில் பாதியைக் கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை. நன்றி நெஞ்சுக்குள்ளேயே கிடந்து உறைகிறது. 1990இல் போருக்கு அஞ்சி எங்கள் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே ஓடியபோதுகூட, சேலைத் தலைப்பில் வடித்த குளத்துத் தண்ணீரைக் கொடுக்க ஒரு வாய் பக்கத்தில் இருந்தது.

2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல், எரிவாயு இல்லாமல், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில், வேலிக்கு மேலால் பொச்சுமட்டையும் பன்னாடையும் எனக்குத் தந்தவள் அந்தத் தாய். யார் தந்தது என்று ஒரு சொல் சொல்லவில்லை. வைத்துவிட்டுப் போனாள்.

2024 டிசம்பர் 26. இருபதாம் ஆண்டு. காலை 9.25க்கு நாடு இரண்டு நிமிடம் மௌனமாக நின்றது. நான் அவள் வீட்டில், அவனுடைய படத்துக்கு முன்னால் நின்றேன். மௌனம் முடிந்ததும் சொன்னேன்:

“நீ அண்டைக்குக் கேட்டாயே பிள்ளை. கோணேசருக்கு அவனைத் தெரியும். நான்தான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்.”

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள்.