கூத்து எவருடைய சொத்து?

ஒரு சமுதாயத்தின் அறிவு ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை. காலிலும் கையிலும் குரலிலும் வாழ்கின்றது. அவ்வறிவை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் கல்விமான் எவருக்குக் கடன்பட்டவன்? பேராசிரியர் சு. வித்தியானந்தனின் வாழ்வு இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

1879இல் அமெரிக்காவிலே திறக்கப்பட்ட கார்லைல் உறைவிடப் பள்ளி, லக்கோட்டாச் சிறுவரின் தலைமயிரைக் கத்தரித்தது. தாய்மொழி பேசுவதைத் தடுத்தது. இலங்கையிலே அத்துணை வன்முறை தேவைப்படவில்லை. காலனியக் கல்வியும் சாதிச் செருக்கும் சேர்ந்து, படித்தவன் கூத்தைக் கண்டு நாணும்படி செய்தன. 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாயிற்று.

1924இல் பிறந்து, இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்ற வித்தியானந்தன் அந்த நாணத்தை உடைத்தார். 1956இல் கொழும்பில் மேடையேறிய சரச்சந்திரவின் 'மனமே', நாட்டார் மரபிலிருந்தே நவீன அரங்கு எழலாம் என்று காட்டியிருந்தது. வித்தியானந்தன் பேராதனை மாணவரின் கால்களிலே சதங்கை கட்டுவித்தார். 'கர்ணன் போர்' 1962இலும், 'இராவணேசன்' 1964இலும் அரங்கேறின.

விடியும்வரை வட்டக் களரியில் ஆடப்பட்ட கூத்து, ஒருபுறம் மட்டும் திறந்த மேடையில் குறுகிய நேரத்துக்குள் அடங்கியது. இது மரபைச் சிதைப்பதன்றோ எனச் சிலர் கேட்பர். மாற்றம் குற்றமன்று, மாறாத மரபு பிணத்துக்கு ஒப்பானது. சில ஊர்களில் அரச வேடம் கட்டவும் சாதி பார்த்த மரபை அப்படியே பேணுவது எவ்வாறு அறமாகும்? 1969இல் 'கந்தன் கருணை' நாடகம், அதே கூத்து வடிவிலே ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பாடியது. ஒடுக்கப்பட்டோர் தம் கலையைத் தம் விடுதலைக்கே பயன்படுத்தினர்.

உண்மையான குற்றம் வேறிடத்தில் உள்ளது. கிராமத்திலே சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம்வரை மாதக் கணக்கில் மத்தளத்தோடு நின்று பழக்குபவர் அண்ணாவியார். கலை நகரமேறிப் பட்டமும் புகழும் பெறுகையில் அவர் ஊரிலேயே வறுமையில் விடப்படுவாராயின், நாம் செய்தது மீட்பன்று, பறிப்பே. உழுதவன் பசித்திருக்க விளைவை அளப்பவன் கொழுக்கும் அதே நியதி கலையிலும் தொடர்கின்றது.

வித்தியானந்தன் 1989இல் மறைந்தார். இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவன், வடமோடிக்கும் தென்மோடிக்கும் வேறுபாடு எழுதிப் புள்ளி பெறலாம். ஒரு தாளக்கட்டுக்கேனும் அவன் கால் எழாவிடின் அவ்வறிவு கையளிக்கப்பட்டதாகாது. ஆசிரியர்களே, அண்ணாவியாரை வகுப்பறைக்கு அழையுங்கள். விருந்தினராக அன்று, ஊதியம் பெறும் ஆசிரியராக.